மாவக்காவின் ஆங்கிலம்

மாவக்கா பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வார். கோபக்காரி என்பதால் அல்ல. நாள் முழுக்கக் கிரைண்டர் ஓடும் வீட்டில் வாழ்ந்தவர். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அங்கேயே நின்றுவிட்டது. கோயிலில் அம்மனிடம் அவர் இரகசியமாக வேண்டிக்கொள்வது அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும். யாருக்கு என்ன நோய், யார் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை என்பதெல்லாம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பாதிப் பேருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பினாங்கு ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார். முன்பக்கம் மாவு அரைக்கும் இடம், பின்பக்கம் குடித்தனம். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. சுற்றுவட்டாரத்துத் தோசைக் கடைகளில் பாதிக்கு அவர் அரைத்த மாவுதான். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தங்கச்சி என்றால் எடுபடாது. நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

தமிழ் வாத்தியாருக்கு ஆங்கில வகுப்பில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மருமகள் சீனப் பெண். நல்ல பெண். அவளும் என் மகனும் பேரனும் வீட்டில் பேசுவது ஆங்கிலம். என் வீட்டு மேசையில் என் காசில் வாங்கிய மீனைத் தின்றுகொண்டு அவர்கள் மூவரும் சிரிப்பார்கள். நான் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்து வைப்பேன். எத்தனை நாளைக்குத்தான் அப்படிச் சிரிப்பது? கொரோனா அடங்கி வகுப்புகள் மறுபடி தொடங்கிய சமயம், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சனிக்கிழமை பிற்பகல் பெரியவர்களுக்கு இலவச ஆங்கிலம் என்று கேள்விப்பட்டேன். யாருக்கும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். போனால், பக்கத்து நாற்காலியில் மாவக்கா.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்மணி. வக்கீல் ஆபீஸில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லாருக்கும் அவர் மிஸ். மிஸ்ஸிடம் ஒரு முறை இருந்தது. அடுத்து வரப்போகும் பொது விடுமுறை எதுவோ, அந்த நாள் எப்படி வந்தது என்ற கதையை ஆங்கிலத்தில் சொல்வார். கதைக்குள் வரும் புதுச் சொற்களைப் பலகையில் எழுதுவார். அந்தச் சொற்களை வெளியே யாரிடமாவது பேசிவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டும். இந்த முறைக்கு எங்கள் நாட்டைப்போல் தோதான நாடு கிடையாது. சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்புப் பெருநாள், மாமன்னர் பிறந்தநாள், ஆளுநர் பிறந்தநாள் என்று விடுமுறை தீரவே தீராது.

நாங்கள் எல்லாம் சொற்களைப் பாட்டுப் போல ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவோம். மாவக்கா அப்படி இல்லை. ஒரு சொல்லை வாங்கிப் போனால் அதை எங்காவது பயன்படுத்தியே தீர வேண்டும் அவருக்கு. பயன்படுத்த முடியாததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாமன்னர் பிறந்தநாள் பாடத்தில் 'ரெய்ன்' என்று ஒரு சொல், அரசாள்வது என்று பொருள். மறுவாரம் எழுந்து நின்றார்.

"மிஸ், இந்த ரெய்ன் எனக்கு வேணாம் லா. ராஜா ஆளுறத நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? மாவு எடுக்க வர்ற பங்களாதேஷ்காரன்கிட்டயா?"

"பேப்பர்ல வந்தா புரியும்ல அக்கா."

"பேப்பர்ல வந்தா வரட்டும். நான் பேசுற மாதிரி ஒண்ணு குடுங்க."

தைப்பூசப் பாடத்தில் ஊர்வலத்துக்குக் கிடைத்த 'ப்ரொசெஷன்' மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இரதம் வருவதற்கு முன், தெரு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போய், தம் குரலில், "ப்ரொசெஷன் கமிங்!" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் ஏதோ கலவரம் வருகிறது என்று நினைத்து எதிரில் இருந்த நகைக்கடைக்குள் ஓடிவிட்டார்கள். இதை எங்களிடம் சொல்லும்போது அவருக்கு வெட்கமே இல்லை. "சொன்னதும் கேட்டாங்க பாத்தீங்களா?" என்றார். அவருக்கு அதுதான் கணக்கு. தாம் சொன்னதும் எதிரில் இருப்பவர் ஏதாவது செய்ய வேண்டும்.

இதில் அவருக்கு ஒரு பெரிய வெற்றியும் கிடைத்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவர் வீட்டுப் பின்சந்தில் சாக்கடை மூடி ஒன்று உடைந்து வெகுநாளாகத் திறந்து கிடந்தது. மாவக்கா மாநகராட்சிக்குப் போன் போட்டுத் தமிழில் சொன்னார், தெரிந்த மலாயில் சொன்னார், நேரில் போயும் சொன்னார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சமயம் தொழிலாளர் தினப் பாடம் வந்தது. ஆலைகளில் நாள் முழுக்க வேலை வாங்கினார்கள், இயந்திரத்தில் கைவிரல் போனது, கூலிக்காரர்கள் கூடி நின்று கேட்டார்கள், அப்படி வந்த விடுமுறை இது என்று மிஸ் கதை சொல்லி, 'ஹேஸர்ட்' என்று எழுதினார். ஆபத்து விளைவிக்கக்கூடியது. திங்கட்கிழமை மாவக்கா போனை எடுத்து, "ஹேஸர்ட்! பேக் லேன் ஹேஸர்ட்!" என்று கத்தியிருக்கிறார். மறுநாள் இரண்டு பேர் வந்து புது மூடி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மூடியை எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் நல்ல வெயிலில் நின்று ஒரு சாக்கடை மூடியைப் பார்த்தேன்.

"வாத்தியாரே, இத்தன வருசமா நாம கேட்டதுக்கு ஏன் பதில் வரல தெரியுமா? நம்மகிட்ட சரியான வார்த்தை இல்ல. அதான் விசயம். சரியான வார்த்தைய எடுத்து வச்சா அவங்க பதில் சொல்லித்தான் ஆவணும். தப்பிக்க முடியாது."

மூடியை மாற்றும் முறை அந்த வாரம் தானாகவே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

அவர் வகுப்புக்கு வந்ததே ஒரு காரியத்துக்காகத்தான். கடைவீட்டின் சொந்தக்காரர் ஒரு சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. பழைய காலத்து மனிதர், மாவக்காவோடு தமிழிலேயே பேசுவார். மாதம் ஒருமுறை வாடகைக்கு வந்தால் அஞ்சடியில், அதாவது கடை வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் கூரை போட்ட நடைபாதையில், முக்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். "நீ இரு, நான் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருந்தார். சொன்னபடி அவர் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் இறந்த பிறகு வீடு அவருடைய மகன்களுக்குப் போனது. அவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். தமிழும் தெரியாது, மலாயும் ஏறக்குறைய மறந்துவிட்டது. அவர்கள் சார்பில் ஓர் ஏஜெண்டு அவ்வப்போது ஆங்கிலத்தில் போன் செய்வான். அந்த மகன்களிடம் ஒரே ஒரு விஷயம் பேச வேண்டும் மாவக்காவுக்கு. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், என்னை எழுப்பாதீர்கள். அதற்குத்தான் இந்தப் பாடு.

மாமன்னர் பிறந்தநாளுக்கு அடுத்து வந்தது ஜூலை ஏழு.

வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு விடுமுறை என்றே தெரியாது. பினாங்குக்கு மட்டும் உரிய நாள் அது. பக்கத்து மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் இருப்பவன் வேலைக்குப் போவான், நாங்கள் காலை நீட்டிப் படுத்திருப்போம். ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததைக் கொண்டாடும் நாள். மிஸ் அந்தக் கதையை அழகாகச் சொன்னார். கப்பல் வந்த காலம், நாலா திசையிலிருந்தும் மனிதர்கள் வந்து இறங்கிய காலம், ஒரே தெருவில் மசூதியும் கோயிலும் சீனர் கோயிலும் எழுந்தது, பிறகு உலகமே இந்த ஊரைப் பார்த்து இது அழியக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. பலகையில் 'ஹெரிட்டேஜ்', 'ஒரிஜினல்', 'ரெஸ்டோர்', வாடகைக்கு இருப்பவரைச் சொல்லும் 'டெனன்ட்', 'கன்சர்வ்' எல்லாம் வந்தன.

மாவக்கா கடைசிச் சொல்லில் நின்றுகொண்டார்.

"கன்சர்வ்னா காப்பாத்துறதா மிஸ்?"

"ஆமா அக்கா. அழியாம வச்சுப் பாத்துக்கிறது."

"எத?"

"பழைய கட்டடங்கள. அப்புறம் அங்க இருக்கிறவங்க வாழ்ற முறை, தொழில், எல்லாத்தையும்தான் சொல்றாங்க."

"அங்க இருக்கிறவங்களயுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க" என்றார் மிஸ். அவர் குரல் கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன். வக்கீல் ஆபீஸில் இருந்தவர் அல்லவா.

மாவக்காவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்ல? அரசாங்கமே விடுமுறை கொடுத்து ஊரெல்லாம் கொண்டாடுகிறது. தம் வீடு அந்தப் பட்டியல் எல்லைக்குள் இருக்கிறது. கைவைக்க வேண்டுமென்றால் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும். அப்படியென்றால் தம்மையும் அங்கிருந்து எழுப்ப முடியாது. அவர் போட்ட கணக்கு இவ்வளவுதான். கல்லுக்கும் மரத்துக்கும் பாதுகாப்பு இருந்தால் அதற்குள் வாழ்பவருக்கும் இருக்கும் என்று நினைப்பது பைத்தியக்காரத்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அந்த வாரத்துப் பயிற்சி, உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை வருபவருக்கு ஆங்கிலத்தில் சுற்றிக் காட்டுவது. நான் என் பேரனுக்கு என் பழைய சைக்கிளைக் காட்டினேன். மூன்றாவது வாக்கியத்தில் அவன், "தாத்தா சோ ஃபன்னி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் பயிற்சி அவ்வளவுதான்.

மாவக்காவுக்கு ஆள் தேடவே தேவைப்படவில்லை. புதன்கிழமை காலை, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கழுத்தில் கேமராவோடு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்கள். மாவக்கா கிரைண்டரை நிறுத்தினார். அவர் யாருக்காகவும் அதை நிறுத்திப் பார்த்ததில்லை நாங்கள்.

சனிக்கிழமை வந்து அதை எங்களுக்கு நடித்தே காட்டினார். வானம் பார்த்த முற்றத்தைக் காட்டினாராம். தளத்தின் பூக்கல்லைக் காட்ட, அதன்மேல் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைத் தாமே இழுத்து நகர்த்தினாராம். மரச் சன்னலில் ஒரு சட்டம்கூட மாற்றாதது, நடுக்கதவின் செதுக்கல், மூடிவைத்த கிணறு, ஒன்று விடவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஒரிஜினல், ஒரிஜினல் என்று சொன்னாராம். கல்லில் படிந்திருந்த மாவுக் கறையை முதல் நாளே புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார், பயிற்சிக்காக. அவர்கள் அளவெடுக்கும் கருவியை வைத்து எல்லாவற்றையும் அளந்துகொண்டு, வெரி பியூட்டிஃபுல் என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்களாம்.

"யார் அக்கா அவங்க?" என்று மிஸ் கேட்டார்.

"ஹெரிட்டேஜ் ஆளுங்கதான் மிஸ். வேற யாரு வந்து கல்ல அளக்கப் போறாங்க?"

மிஸ் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

ஜூலை ஏழு வருவதற்கு முன்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. வீடு விற்பனையாகிவிட்டது, இத்தனை நாளுக்குள் காலி செய்ய வேண்டும். மிஸ் படித்துச் சொன்னார். பிறகு மிஸ்ஸே ஏஜெண்டுக்குப் போன் போட்டு, தம் பழைய வக்கீல் ஆபீஸ் ஆங்கிலத்தில் நன்றாகக் கேட்டார். ஒன்றும் செய்வதற்கில்லை. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது, தவுக்கேயின் வாய்வார்த்தைதான். வாங்கியவர்கள் அதை ஒரு சின்ன ஹோட்டலாக மாற்றப்போகிறார்கள். பழைய அமைப்பு எதையும் கெடுக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பார்கள் என்று ஏஜெண்டு சொன்னானாம். கூடவே இன்னொன்றும் சொன்னான். வாங்குபவர்கள் முதலில் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள், உங்கள் ஆன்ட்டி சுற்றிக் காட்டிய பிறகுதான் மனசு வந்தது, அவ்வளவு நன்றாக விளக்கினாராம்.

இதை மிஸ் என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அஞ்சடித் தூணில் சாய்ந்து அழுதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஏஜெண்டு அப்போது எதிரில் வந்திருந்தால் நான் வாத்தியார் என்பதையே மறந்திருப்பேன்.

மாவக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. அவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு?

"நான்தானே வாத்தியாரே மூட்டைய நகர்த்திக் காட்டுனேன்" என்றார் ஒருநாள், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க" என்றார். "இன்னும் ஜூலை ஏழு வரல இல்ல?"

பாரம்பரிய நாளன்று ஒரு கூட்டம் இருந்தது. ஊர்ப் பாரம்பரியத்தைப் பற்றிப் பெரியவர்கள் மேடையில் உட்கார்ந்து பேசுவார்கள், கடைசியில் பொதுமக்கள் எழுந்து கேள்வி கேட்கலாம். மாவக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் சரியான சொற்களில் கேட்டுவிட்டால், மேடையில் இருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பதிலைக் கொண்டுபோய் ஏஜெண்டிடம் காட்டலாம். மிஸ்ஸுக்கு நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

கேள்வியை மூவரும் சேர்ந்து செய்தோம். நான் எழுதியவனும் இல்லை, திருத்தியவனும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தவன். நான் ஒரு டெனன்ட், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், நீங்கள் வீட்டைக் கன்சர்வ் செய்கிறீர்கள், ரொம்ப நல்லது, அதில் வாழும் எங்களை யார் கன்சர்வ் செய்வார்கள், இந்த மாதக் கடைசியில் நான் எங்கே போவது? இவ்வளவுதான் கேள்வி. மாவக்கா அதைக் கிரைண்டர் ஓட ஓடச் சொல்லிப் பார்த்தார். எதிர்வீட்டு நகைக்கடைப் பையன்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

அன்றைக்குத் தீபாவளிக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் படம் போட்டுப் போட்டுப் பேசினார்கள். கதவு, சன்னல், பூக்கல். ஒவ்வொரு படத்துக்கும் மாவக்கா என் பக்கம் சாய்ந்து, "நம்ம வீட்டுலயும் இருக்கு" என்றார். அது அரங்கம் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேள்வி நேரம் வந்ததும் ஒரு பெண் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். மாவக்காவுக்கு எதற்கு மைக்? இருந்தும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எழுந்து நின்று கேட்டார்.

ஒரு சொல் தவறவில்லை. டெனன்ட், ஒரிஜினல், கன்சர்வ், எல்லாம் வைத்த இடத்தில் வந்து விழுந்தன. கேட்டு முடித்துவிட்டு உட்காராமல் நின்றார். பதிலை நின்றபடியே வாங்கிக்கொள்வது மரியாதை என்று அவருக்கு.

பிறகு மேடையில் நடுவில் இருந்தவர் மைக்கை எடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ஆன்ட்டி, யுவர் இங்கிலீஷ் இஸ் சோ குட்!" என்றார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். மாவக்கா சர்ச் கிளாஸ் என்றார். இந்த வயதிலும் படிக்கிறார் பாருங்கள், இவரைப்போன்றவர்கள்தான் நம் ஊரின் உண்மையான பாரம்பரியம், எல்லாரும் ஆன்ட்டிக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்கள் என்றார். அரங்கமே தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். மைக் கொடுத்த பெண் ஓடிவந்து ஒரு துணிப்பையை மாவக்காவின் கையில் கொடுத்து, தோளை அணைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். மாவக்காவும் சிரித்தார். வேறென்ன செய்வார்? பிறகு மைக் பின்வரிசைக்குப் போய்விட்டது. அங்கே ஒருவர் வாகனம் நிறுத்த இடமில்லாததைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பதில் கிடைத்தது, நீளமாகவே.

நானாவது எழுந்து, அவர் கேட்டதற்குப் பதில் என்ன என்று கத்தியிருக்கலாம். தமிழில்தான் வந்திருக்கும். தமிழில் கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி நடந்து வந்தோம். விடுமுறை நாள், தெருவெல்லாம் கூட்டம். சுவர் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. மாவக்கா துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கடைத்தெரு முனைக்கு வந்ததும் கேட்டார்.

"வாத்தியாரே, கேள்வியில தப்பு ஏதும் இருந்திச்சா?"

"இல்லக்கா."

"வார்த்தை எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"எல்லாம் சரிக்கா. ஒண்ணுகூடத் தப்பில்ல."

"வெளங்குச்சுதானே அவங்களுக்கு?"

"நல்லா வெளங்குச்சு."

தலையை ஆட்டினார். "தப்பு இருந்திருந்தா தேவல வாத்தியாரே. வீட்டுக்குப் போயி திருத்திக்கிட்டு வந்திருப்பேன்."

நான் பக்கத்துக் கடையில் இருந்த மாலைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

மாதக் கடைசியில் லோரி வந்தது. தீவுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவருக்கு அடுக்குமாடி வீடு இருந்தது, அதில் ஓர் அறை. கிரைண்டரை அங்கே கொண்டுபோக முடியாது, மேல்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதைப் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போனான். தோசைக் கடைக்காரர்கள் ஒரு வாரம் திண்டாடிவிட்டு வேறு இடத்தில் மாவு வாங்கிக்கொண்டார்கள். ஊர் அதற்குமேல் எதற்கும் திண்டாடுவதில்லை.

அந்த வீடு இப்போது ஹோட்டல்தான். ஏஜெண்டு பொய் சொல்லவில்லை. பூக்கல், சன்னல், நடுக்கதவு எல்லாம் அப்படியே பளபளவென்று இருக்கின்றன. என் மருமகளின் அலுவலகத் தோழிகள் அங்கே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். என் ஆங்கிலமும் அதோடு நின்றது. மிஸ் மெர்டேக்கா என்னும் சுதந்திர தினப் பாடத்தைத் தொடங்கிய வாரம் நான் போகவில்லை, பிறகும் போகவில்லை.

போன வருடம் என் மகள் பத்து காவானில் வீடு வாங்கிக் குடிபோனாள். அங்கே போயிருந்தபோது காலில் ஒரு புண், பக்கத்தில் இருந்த அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடம் நிறையக் கூட்டம். மூலையில் மாவக்கா உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், காலில் வீக்கம். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் கண்ணீர் வந்தது, இருவருக்கும்தான். உடம்பு, மகள், மிஸ் என்று பேசினோம். வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

அப்போது ஓர் இளம் சீன டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து அவரைக் கூப்பிட்டாள். பார்த்தால் படித்து முடித்து நேற்று வந்தவள்போல இருந்தாள். கையில் ஏதோ ரிப்போர்ட். விளக்கமாகச் சொல்ல வேண்டியது இருந்திருக்கும் போல, மலாயில் தொடங்கித் தடுமாறினாள். பிறகு அருகில் வந்து குனிந்து, அன்பாகத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, கேன் ஸ்பீக் இங்கிலீஷ்?"

மாவக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தாக் தாஹு, டாக்டர்" என்றார் மலாயில். தெரியாது.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மொழிபெயர்க்க நர்ஸ் யாராவது இருக்கிறாளா என்று பார்க்கப் போனாள். அவள் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"என்னாக்கா இது? ஒங்களுக்கா தெரியாது? ஒடம்பு விசயம் லா. கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாமா?"

மாவக்கா சேலை முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் வாத்தியாரே. தெரியும்னு சொன்னா கை தட்டுவாங்க."